குசினி வழியாக வந்த அப்பா

பல்கலைக்கழக விடுதி என்றதும் எல்லோரும் சாப்பாட்டைக் குறை சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள். பருப்பில் தண்ணீர் அதிகம், மீன் துண்டைத் தேடிப் பிடிக்க வேண்டும், குளிக்க வரிசையில் நிற்க வேண்டும் என்று. என்னால் அப்படி ஆரம்பிக்க முடியவில்லை. எனக்கு அந்த விடுதியை முதல் நாளே பிடித்துவிட்டது. அதைவிட்டுப் போய்விடுவதென்று நான் தீர்மானித்திருந்த வாரத்திலும் பிடித்துத்தான் இருந்தது. அதுதான் என் கஷ்டமே.

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றில், தொழிலாளர்கள் இருக்கிற லயத்துக் காம்பராவில் வளர்ந்தவன் நான். அம்மா கொழுந்து பறிக்கிறார். அப்பா தேயிலையைக் கவ்வாத்து வெட்டுகிறவர். அந்த வேலை இல்லாத காலத்தில் மருந்தடிப்பார், தண்ணீர் ஓடக் கான் வெட்டுவார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசிவரைக்கும் படித்து முடித்த முதல் ஆள் நான்தான். வீட்டில் எனக்கென்று மேசை இருந்ததில்லை. வாசலை ஒட்டிய சின்ன இஸ்தோப்பில் அத்தையின் தையல் மெஷின் இருக்கும். அதை மூடி, அதன்மேல் புத்தகத்தை வைத்துத்தான் உயர்தரம் வரைக்கும் படித்தேன். யாராவது சட்டை தைக்கக் கொடுத்துவிட்டால் அன்றைக்கு என் படிப்புக்கு லீவு.

விடுதியில் எனக்கு ஒரு கட்டில், ஓர் அலுமாரி, ஒரு மேசை, ஒரு கதிரை. மேசை இலாச்சிக்குச் சாவிகூட இருந்தது. முன்பு அங்கே இருந்த எவனோ ஒருவன் மேசை ஓரத்தில் கவராயத்தின் முனையால் ஒரு சமன்பாட்டைக் கீறி வைத்திருந்தான். முதல் நாள் நான் அதைக் கோயில் கல்வெட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறை நண்பன் ஒருவன் எட்டிப் பார்த்துவிட்டு, "இது பிழையடாப்பா, கழிக்க வேண்டிய இடத்தில சக அடையாளம் கிடக்கு" என்றான்.

அவன்தான் யாழ்ப்பாணத்துக்காரன். விடுதியில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் இல்லை. ஊர்தான் பெயர். எங்கள் அறையில் மூன்று பேர்: ஒருவன் யாழ்ப்பாணம், ஒருவன் மாத்தறை, நான் ஹட்டன். நான் ஹட்டன் இல்லை, அங்கிருந்து இன்னும் பஸ் பிடித்துப் போய், இறங்கி நடக்க வேண்டும் என்று ஆரம்பத்தில் விளக்கிப் பார்த்தேன். "அந்தப் பக்கம் எல்லாமே ஹட்டன்தான் மச்சாங்" என்று மாத்தறைக்காரன் சிங்களத்தில் முடித்துவிட்டான்.

யாழ்ப்பாணத்துக்காரனைப் போல ஒழுங்கான ஒருவனை நான் அதுவரை கண்டதில்லை. கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்தவன். யாராவது குழாயைத் திறந்துவிட்டபடி பல் துலக்கினால் அவனுக்கு நெஞ்சு பதறும். எங்கள் மாடியில் ஒழுகிக்கொண்டிருந்த குழாய்களுக்கெல்லாம் பழைய சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டி, சொட்டுச் சொட்டாகப் போன தண்ணீரை நிறுத்தியவன் அவன். யாரும் அவனைக் கேட்கவில்லை. செய்துவிட்டு யாரிடமும் சொல்லவும் இல்லை.

மாத்தறைக்காரன் நேரெதிர். அவனுடைய அலுமாரிக்குள் என்ன இருக்கிறதென்று அவனுக்கே தெரியாது. ஆனால் வெட்கம் என்ற ஒன்று அவனிடம் மருந்துக்கும் கிடையாது. அதைத்தான் நான் ஆச்சரியத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன். இருநூறு பேர் உட்கார்ந்திருக்கிற விரிவுரை மண்டபத்தில் எழுந்து நின்று, "சேர், ஸ்லோ, ஸ்லோ" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரித்துவிட்டு உட்கார்ந்துகொள்வான். வந்த புதிதில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது, குசினிக்குள் தானாகப் போய், அங்கே உள்ளவர்களைக் கெஞ்சி ஒரு கோப்பைக் கஞ்சி வாங்கிக்கொண்டு வந்தவனும் அவன்தான். அப்போது எங்களுக்குள் பழக்கம்கூட இல்லை.

இந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பெரிய சுவர் இருந்தது. யாழ்ப்பாணத்துக்காரனுக்குச் சிங்களம் தெரியாது. மாத்தறைக்காரனுக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேருக்கும் ஆங்கிலம் கடைக்குப் போய் வருகிற அளவுக்குத்தான். எனக்குச் சந்தையில் பழகிய சிங்களம் உண்டு. ஆகவே அந்த அறையின் பேச்செல்லாம் என் வாய் வழியாகத்தான் போய் வந்தது.

"இந்த எருமையிட்டச் சொல்லு, என்ர துவாய்க்கு மேல தன்ர ஈரக் களிசானைப் போடவேண்டாமெண்டு" என்பான் யாழ்ப்பாணம்.

நான் மாத்தறையிடம், "மச்சாங், அவன் துவாய் காயலையாம். கொஞ்சம் தள்ளிப் போட முடியுமான்னு கேக்குறான்" என்பேன்.

"என்ன மரியாதையான ஆள்! தள்ளிப் போடுறேன்னு சொல்லு. அவ்வளவு கவலைன்னா துவாயோட கல்யாணத்தையும் முடிச்சுக்கச் சொல்லு."

"என்னவாம்?"

"மன்னிச்சுக்கச் சொல்றான்."

இப்படி இரண்டு பேரும் ஒருவரையொருவர் தங்கமான மனிதன் என்று நம்பிக்கொண்டு, சமாதானமாக இருந்தார்கள்.

என் கஷ்டத்தைச் சொல்கிறேன். விரிவுரைகள் ஆங்கிலத்தில். இது தெரிந்துதான் வந்தேன். ஆனால் தெரிந்திருப்பது வேறு, அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருப்பது வேறு. வாசித்தால் ஓரளவு விளங்கும், பக்கத்தில் அகராதி இருந்தால். காதில் விழும்போது ஒரு சொல்லைப் பிடிப்பதற்குள் அதற்குப் பின்னால் ஒரு வசனமே போய்விடும். திங்கட்கிழமைகளில் பௌதிகத்துக்குச் சின்னதாக ஒரு பயிற்சி வகுப்பு நடக்கும். இளம் விரிவுரையாளர் ஒருவர். ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, "விளங்குகிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்பார். என் முகத்துக்கு வரும்போது நான் நன்றாகத் தலையாட்டுவேன். கரும்பலகையில் உள்ளதை அப்படியே கொப்பியில் எழுதிக்கொள்வேன். என் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். விடுதிக்கு வந்து அதைப் பார்க்கிற யாழ்ப்பாணத்துக்காரன், "ஹட்டனுக்குப் பிரச்சினையில்லை, எல்லாம் விளங்குது போல" என்பான். ஆமாம் என்பேன்.

பிறகு ஒரு பரீட்சை வைத்தார்கள். வினாத்தாளை ஒருமுறை வாசித்தேன், இரண்டாம் முறையும் வாசித்தேன், பிறகு ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் தோட்டத்தில் நான் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானபோது கோயிலில் பூசை போட்டு, மாலை போட்டு அனுப்பினார்கள். அந்த மாலை கழுத்தில் கனப்பதுபோல இருந்தது. அன்று பின்னேரமே வீட்டுக்கு அழைத்தேன்.

எங்கள் லயத்தில் சிக்னல் கிடையாது. கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பக்கத்து வளைவில் வந்து நின்றால்தான் அப்பா பேச முடியும். வேலை முடிந்து அந்த வழியாகத்தான் வருவார். அந்த நேரம் பார்த்து எடுத்தேன்.

"அப்பா, என்னால முடியலப்பா. நான் வந்துர்றேன்."

"சாப்பாடு சரியில்லையா?"

"சாப்பாடெல்லாம் நல்லாருக்குப்பா."

"யாரும் அடிக்கிறாங்களா? பெரிய பயலுக?"

"அதெல்லாம் இல்லப்பா. படிப்பு வெளங்கல. ஒண்ணுமே வெளங்கல."

அப்பா சொன்னார்: "சரி. ஹட்டன்ல ஒரு துணிக்கடைல ஆள் கேட்டாங்க. பேசி வைக்கிறேன். ஞாயித்துக்கெழம நான் வர்றேன். சாமான கட்டி வையி, தனியா தூக்கிட்டு அலையாத."

அவ்வளவுதான். திட்டவில்லை. ஊருக்கு என்ன பதில் சொல்வதென்று கேட்கவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அறை நண்பர்களிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சனிக்கிழமை இரண்டு பேரும் துணி துவைக்கப் போயிருந்த நேரம் பார்த்துச் சாமானைக் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் முதலாம் ஆண்டு விடுதிக்குத் திருவிழா மாதிரி. தாய் தகப்பன்மார் பார்க்க வருவார்கள். விடுதியின் முகப்பில் கார் வந்து நிற்கிற பெரிய போர்டிகோ உண்டு. அதற்கு அப்பால் சிவப்புப் பொலிஷ் போட்டுத் தேய்த்த தரை, அகலமான படிகள். எங்கள் தோட்டத்துத் துரை பங்களாவும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். அந்தப் படியில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். கார்கள் வந்தன, ஆட்டோக்கள் வந்தன. பலகாரப் பெட்டிகள் இறங்கின. அப்பா வரவில்லை. அவருடைய போனில் சார்ஜ் நிற்காது. பேச வேண்டிய நேரத்தில்தான் அதைப் போட்டு வைப்பார். ரயில் தாமதமாக இருக்கும், வழி தவறியிருக்கும் என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாட்டு நேரமும் ஆகிவிட்டது.

மாத்தறைக்காரன் மீன் தலை ஏதாவது கிடைக்குமா என்று கேட்டு வரக் குசினிப் பக்கம் போயிருந்தான். போன வேகத்தில் திரும்பி வந்து என் முன்னால் நின்றான்.

"ஹட்டன், உங்க அப்பாவுக்கும் உன்னை மாதிரியே விரிஞ்ச காதா?"

"ஏன்?"

"அப்படின்னா அவர் உள்ள தேங்காய் துருவிக்கிட்டிருக்கார்."

ஓடினேன். பெரிய குசினியின் பின்வாசலை ஒட்டி ஒரு நீண்ட மேசை. அதன் விளிம்பில் கைப்பிடியைச் சுற்றித் துருவுகிற இரண்டு இயந்திரங்களைப் பூட்டியிருப்பார்கள். அதில் ஒன்றின் முன்னால் அப்பா நின்றுகொண்டிருந்தார். கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை, கையை மடித்து விட்டிருந்தார். மலையில் வேலை செய்யும்போது கட்டுகிற மாதிரியே இடுப்பில் ஒரு சாக்கைக் கட்டியிருந்தார். பக்கத்துத் தாச்சியில் பூவாகத் தேங்காய் குவிந்து கிடந்தது.

"அப்பா!"

"வந்துட்டியா தம்பி? இரு, இது கொஞ்சந்தான் இருக்கு."

சமையல் பொறுப்பாளரை நாங்கள் கோக்கி மாமா என்போம். அவர் என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். "இவர் உன் அப்பாவா? அனே, ஏன் சொல்லல? கொந்தராத்துக்காரன் இன்னைக்கு ஒரு ஆளை அனுப்புறேன்னான். பின்வாசல்ல வந்து நின்னார். வா, இதைப் பிடின்னேன். பிடிச்சார்!" என்று சிங்களத்தில் சொல்லித் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"ஏம்பா, மகனப் பாக்க வந்தேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"அதச் சொல்லத்தான் வந்தேன். அதுக்குள்ள இதச் செய்யின்னாரு. சரிங்கன்னேன். முடிச்சுக் குடுத்துட்டுக் கேக்கலாம்னு."

"முன்னால வந்துருக்கலாம்ல? நான் அங்கதான் உக்காந்திருக்கேன், காலைலேர்ந்து."

"முன்னால காரெல்லாம் நிக்கிதுப்பா" என்றார், அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்பதுபோல.

எனக்கு உண்மையில் தேவைப்படவில்லை. எங்கள் தோட்டத்தில் யாரும் பங்களாவின் முன்படி ஏறியதில்லை. எந்தக் காரியம் என்றாலும் சுற்றிக்கொண்டு குசினிப் பக்கம்தான் போவோம், அங்கே நிற்போம், யாராவது பார்த்துக் கேட்கும்வரை. காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பும்போதும் அப்படித்தான். வேலை பிரிக்கிற கண்டாக்கையா என்ன சொன்னாலும் 'சரிங்க' என்போம். விளங்கினாலும் சரிங்க, விளங்காவிட்டாலும் சரிங்க. பிறகு மலைக்கு ஏறுகிற வழியில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம்: "எந்த மலைன்னாரு?" யாருக்காவது தெரிந்திருக்கும். அப்படியே வேலை நடந்துவிடும். திங்கட்கிழமை வகுப்பில் ஒவ்வொரு வாரமும் நான் எப்படித் தலையாட்டினேன் என்பது அந்தத் தேங்காய் மேசைக்கு முன்னால் நிற்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. நானும் சரிங்க என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். மலைக்கு ஏறுகிற வழியில் பக்கத்தில் நடக்கிறவனைக் கேட்கத்தான் மறந்துவிட்டேன்.

காது சுட்டது. யார்மேல் கோபப்படுவதென்று தெரியவில்லை. அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போய்விடலாம் என்று நினைத்தேன். மாத்தறைக்காரன் அதற்குள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மற்ற இயந்திரத்தின் முன்னால் போய் நின்றுவிட்டான். ஒரு தேங்காய்ப் பாதியை எடுத்து வைத்து, கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தான். பாதித் தேங்காய் மேசையில் விழுந்தது, மீதி அவன் சாரத்தில். அப்பாவுக்குச் சிங்களம் நன்றாக வரும். அவனைப் பார்த்து, "மகன், இப்படிச் சுத்தினா சம்பல்ல சிரட்டையும் சேர்ந்து வரும்" என்றார். கோக்கி மாமா சிரித்துவிட்டார். அப்பாவும் சிரித்தார். நான் எதற்காகக் காது சுட நின்றேன் என்பதே எனக்குக் குழம்பிப் போய்விட்டது. மிச்சமிருந்ததை இரண்டு பேருமாகத் துருவி முடித்தார்கள். வார்டன் வந்தால் மட்டும் எடுக்கிற பூப்போட்ட கோப்பையில் கோக்கி மாமா அப்பாவுக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்தபோது இரண்டு கையாலும் கொடுத்தார்.

விஷயம் கேள்விப்பட்டு யாழ்ப்பாணத்துக்காரனும் வந்துவிட்டான். வந்ததும் அப்பாவின் பையைத் தூக்கிக்கொண்டான்.

"வாங்கோ அப்பா, முன்பக்கத்தால போவம்."

"இந்தப் படி இருக்குதே தம்பி, இப்படியே ஏறி வந்துர்றேன்" என்று அப்பா குசினிக்குப் பக்கத்துப் பின்படியைக் காட்டினார்.

"ஐயோ, அது வழுக்கும். நாங்களே அதால ஏறுறேல்ல."

தினமும் அந்தப் படியால்தான் நாங்கள் ஏறி இறங்குகிறோம். பொய்யே பேசாதவன் என்று நான் நினைத்திருந்த ஒருவன் எவ்வளவு இயல்பாக ஒரு பொய்யைச் சொன்னான்! சுற்றிக்கொண்டு முன்னால் வந்தோம். போர்டிகோவில் அப்பா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். வேண்டாம் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் யாழ்ப்பாணத்துக்காரன் தன் செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல அவருக்கு முன்னால் படியேறினான். மாத்தறைக்காரன் எப்போதுமே வெறுங்காலன். நானும் கழற்றினேன். அந்தச் சிவப்புத் தரையின் குளிர்ச்சியை அன்றைக்குத்தான் உணர்ந்தேன். உள்ளே உட்கார்ந்திருந்த யாரோ ஒருவரின் அம்மா நகர்ந்து வழிவிட்டு, "யாருடைய அப்பா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"எங்க அறையோட அப்பா!" என்றான் மாத்தறை, மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி.

அறையில் அப்பாவை என் கதிரையில் உட்கார வைத்தோம். அவர் மேசையைத் தடவிப் பார்த்தார். இலாச்சியை ஒருமுறை இழுத்து, திரும்பத் தள்ளினார். அம்மா சுட்டு அனுப்பிய ரொட்டியும் கட்டைச் சம்பலும் பையில் இருந்தன. ஆறிப் போன ரொட்டியை இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். நான் சாப்பாட்டு மண்டபத்திலிருந்து சோறு கொண்டுவந்தேன். அப்பா மீனையும் பருப்பையும் பிசைந்து சாப்பிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து, எல்லோருக்கும் முன்னால் கேட்டார்:

"சாமானெல்லாம் கட்டிட்டியா தம்பி? பின்னேர ரயிலப் புடிச்சா பொழுதுக்குள்ள போயிறலாம்."

யாழ்ப்பாணத்துக்காரன் நிமிர்ந்தான். குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தான். "எங்கையடா போறாய்?"

நான் சாமானைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினேன்.

"என்ன சொல்றாங்க?" என்றான் மாத்தறை.

நான் போகிற செய்தியையும் நானேதான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. வழக்கம்போலக் கொஞ்சம் குறைத்து, "கொஞ்ச நாளைக்கு வீட்டுக்குப் போயிட்டு வரலாம்னு" என்று ஆரம்பித்தேன். அப்பா சிங்களத்தில் குறுக்கிட்டு, "இல்ல மகன், ஒரேயடியாப் போறான். படிப்பு விளங்கலையாம்" என்று நேராகச் சொல்லிவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரனிடம் அதையே தமிழிலும் சொன்னார்.

மாத்தறைக்காரன் கையிலிருந்த ரொட்டித் துண்டைக் கீழே வைத்தான். அவன் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். "விளங்கலையா? அப்ப எனக்கு மட்டும் விளங்குதா? எனக்கும் ஒண்ணும் விளங்கல! இங்க யாருக்குடா விளங்குது?"

"நீதானேடா எல்லாம் விளங்குது எண்டனி?" என்றான் யாழ்ப்பாணம். "உன்ர கொப்பியைப் பாத்துத்தானே நான் எழுதுறனான். விளங்கித்தான் எழுதுறாய் எண்டு நினைச்சன்."

"விளங்காமத்தான் எழுதுனேன்."

"அப்ப நானும் விளங்காமத்தான் பாத்து எழுதியிருக்கிறன்."

மாத்தறைக்காரன் விடுவதாக இல்லை. "நீ போனா நாங்க ரெண்டு பேரும் எப்படி இருக்கிறது? இவன்கிட்ட நான் எப்படிப் பேசுறது? போன கிழமை துவாயைப் பத்தி இவன் நிறையப் பேசினான், நீ ஒரு வரிதான் சொன்ன. மிச்சம் எனக்கு இன்னும் வரல!"

"என்னவாம்?"

"நான் போயிட்டா ரெண்டு பேரும் எப்படிப் பேசுறதுன்னு கேக்குறான். அன்னைக்கு நீ துவாயைப் பத்திச் சொன்னது முழுசா வேணுமாம்."

யாழ்ப்பாணத்துக்காரனின் முகம் மாறியது. "எருமை எண்டதைச் சொன்னனியோ?"

"இல்ல."

"அப்ப இனியும் சொல்லாத."

அப்பா சத்தமாகச் சிரித்தார். என்னைத் தவிர அவருக்கு மட்டும்தான் இரண்டு பக்கமும் விளங்கியது.

விடுதிகளில் 'குப்பி' என்று ஒன்று உண்டு. மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கிலிருந்து வந்த பெயர் என்பார்கள். நாடு முழுக்க எல்லாப் பல்கலைக்கழகத்திலும் மாணவர்கள் இந்தச் சொல்லைத்தான் சொல்வார்கள். விளங்கியவன் விளங்காதவர்களைக் கூட்டி உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பது. அதற்கு யாரும் எதுவும் கேட்பதில்லை. எங்கள் அறையின் முதல் குப்பி அந்த ஞாயிற்றுக்கிழமைப் பகலில், அப்பாவை வைத்துக்கொண்டு நடந்தது. இதில் என்ன விசேஷம் என்றால், விளங்கியவன் என்று யாருமே இல்லை.

"எடு கொப்பியை" என்றான் யாழ்ப்பாணம். "எது விளங்கேல்ல?"

நான் எழுதி வைத்திருந்த தலைப்பைக் காட்டினேன். மொமென்ட் ஒஃப் இனேர்ஷியா. வாரக்கணக்காக அந்தச் சொல் வருகிறபோதெல்லாம் நான் தலையைக் குனிந்து எழுத ஆரம்பித்துவிடுவேன். யாழ்ப்பாணத்துக்காரன் சூத்திரத்தை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"டேய் மடையா. இது சடத்துவத் திருப்பமடா!"

தையல் மெஷின்மேல் வைத்து நான் தமிழில் விரும்பிப் படித்த பாடம் அது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். ஆங்கிலச் சட்டை போட்டு வந்ததும் எனக்கு அதை அடையாளம் தெரியவில்லை. பரீட்சைத் தாளில் என் எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

"என்ன, என்ன?" என்றான் மாத்தறை. சடத்துவத் திருப்பத்துக்குச் சிங்களத்தில் என்னவென்று எனக்குத் தெரியாது. சந்தையில் யாரும் அதை விற்பதில்லை. எழுந்து நின்று, இரண்டு கையிலும் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்து, கையை விரித்துக்கொண்டு சுற்றினால் எப்படி, கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு சுற்றினால் எப்படி என்று காட்டினேன். அவன் என்னிடமிருந்து போத்தல்களைப் பிடுங்கித் தானும் சுற்றினான். கையை விரித்தான், சேர்த்தான், தலை சுற்றி யாழ்ப்பாணத்துக்காரனின் கட்டிலில் போய் விழுந்தான். விழுந்த இடத்திலிருந்தே கத்தினான்: "அட, அவஸ்திதி கூர்ணய! இதைத்தானா அந்த மனுஷன் இவ்வளவு நாளும் சொல்லிக்கிட்டிருந்தார்?"

அதற்குப் பிறகு எங்களை நிறுத்த முடியவில்லை. யாழ்ப்பாணத்துக்காரன் அகராதியை வைத்துக்கொண்டு வரி வரியாக ஆங்கிலத்தை உடைத்தான். உடைத்ததை நான் தமிழில் யோசித்துச் சிங்களத்தில் சொன்னேன். சொல்லும்போதுதான் எனக்கு எது தெரியும், எது தெரியாது என்று தெரிந்தது. மாத்தறைக்காரன் லேசில் தலையாட்டுகிறவன் இல்லை. "இல்ல, விளங்கல, திரும்பச் சொல்லு" என்று ஒவ்வொரு வரியிலும் நின்றான். அவனை ஒரு வரி தாண்ட வைப்பதற்குள் எனக்கு அந்த வரி மனப்பாடமாகிவிடும். திரும்பிப் பார்த்தபோது அப்பா என் கட்டிலில் சாய்ந்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் விறகு உடைப்பார், மரக்கறிப் பாத்தியைக் கொத்துவார். பகலில் அவர் தூங்கி நான் பார்த்ததில்லை. மாத்தறைக்காரன்கூடக் குரலைக் குறைத்துக்கொண்டான்.

வெயில் சாய்ந்தபோது அவராகவே எழுந்தார். முகத்தைக் கழுவிக்கொண்டு, சட்டையைச் சரிசெய்துகொண்டு, "என்ன தம்பி, போவமா?" என்றார்.

இரண்டு பேரும் என்னைப் பார்க்காமல் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க போங்கப்பா" என்றேன். "நான் இருந்து பாக்குறேன்."

"அப்ப அந்தக் கடைக்காரர்ட்ட என்னா சொல்லட்டும்?"

"வரலைன்னு சொல்லிருங்க."

"சரி."

"அம்மா ஏதும் கேப்பாங்களாப்பா?"

"அவளுக்கு எதுவும் தெரியாது. ஒனக்கு ரொட்டி குடுத்துட்டு வர்றேன்னுதான் சொல்லிட்டு வந்தேன்" என்றார். சொல்லிவிட்டுப் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். போனில் பேசிய அன்றிலிருந்து அந்த ஞாயிற்றுக்கிழமை வரை அவர் தோட்டத்தில் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் மனம் மாறினால் வந்த சுவடே தெரியாமல் இருக்கட்டும் என்று அவர் எல்லாவற்றையும் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். மூன்று பேரும் ஸ்டேஷன் வரைக்கும் போனோம். வழியெல்லாம் மாத்தறைக்காரனும் அப்பாவும் மழையைப் பற்றியும் மீன் விலையைப் பற்றியும் பேசிக்கொண்டு முன்னால் நடந்தார்கள்.

மறுநாள் திங்கட்கிழமை. பயிற்சி வகுப்பில் விரிவுரையாளர் புதிய பாடம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். பலகை நிறைய எழுதிவிட்டுத் திரும்பி, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். விளங்குகிறதா? விளங்குகிறதா? எல்லாத் தலையும் ஆடியது. என் முகத்துக்கு வந்தார். கழுத்து பழக்கத்தில் ஆடப் பார்த்தது. பக்கத்தில் இருந்த யாழ்ப்பாணத்துக்காரன் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தான். நான் கையை உயர்த்தினேன்.

"நோ, சேர்."

வகுப்பு என் பக்கம் திரும்பியது. அவர் கோபப்படவில்லை. எந்த இடத்திலிருந்து விளங்கவில்லை என்று ஆங்கிலத்தில், மெதுவாகக் கேட்டார். பலகையைப் பார்த்தேன். மேல் மூலையிலிருந்து கீழ் மூலை வரைக்கும் எழுத்து. இவ்வளவையும் எழுத அவருக்குக் கை வலித்திருக்கும்.

"ஃப்ரொம் த பிகினிங், சேர்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் வகுப்பு முழுவதும் பெருமூச்சு விடுவதுபோல ஒரு சத்தம் வந்தது. இன்னொரு கை உயர்ந்தது. அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு. விரிவுரையாளர் அந்தக் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு டஸ்டரை எடுத்து, எழுதியதையெல்லாம் மேலிருந்து கீழாக அழித்துவிட்டு, பலகையின் மேல் மூலையில் புதிதாக எழுத ஆரம்பித்தார்.